வெப்பச் சமன்பாடு படித்தவருக்கு வங்கியில் என்ன வேலை? குவாண்ட் துறைக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

நான் படித்தது இயந்திரப் பொறியியல். முதுநிலையில் வெப்பப் பரிமாற்றம். சம்பளம் வாங்குவது மும்பையில் ஒரு வங்கியில். "வங்கியில் என்றால் கவுன்ட்டரிலா, கடன் பிரிவிலா?" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா கேட்பார். இரண்டும் இல்லை. வங்கி வாங்கி விற்கும் ஆப்ஷன் (இன்றே பேசிய விலைக்குப் பின்னொரு நாளில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை), ஸ்வாப் (இருவர் வட்டி போன்ற தவணைகளை மாற்றிக்கொள்வது) போன்ற ஒப்பந்தங்களுக்கு விலை கணிக்கும் மாடல்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்படிக் கணிதத்தை வைத்து நிதித் துறையில் பிழைப்பவர்களைத்தான் குவாண்ட் என்பார்கள். மாடல் எழுதுகிறவர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. ஆகிவிட்டால்தான் மேலதிகாரி கவலைப்பட வேண்டும்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார ஆரம்பித்ததிலிருந்து இயற்பியல், வேதிப் பொறியியல், சிவில், ஏரோநாட்டிக்கல் என்று பல துறைகளிலிருந்தும் வருகிறவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் எல்லோரிடமும் ஒரே பேச்சு: "எனக்குக் கணிதம் நன்றாக வரும், நிதி சமாச்சாரத்தைக் கற்றுக்கொள்வேன்." கணிதம் நன்றாக வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சம் இல்லை. ஒரு கணக்கு எதுவரை தாங்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று நோண்டிப் பார்க்கிற புத்திக்குத்தான் பஞ்சம். ஆய்வகத்தில் கருவியின் பிழையைக் கணக்கிட்டு, அலகுகளைச் சரிபார்த்து, எல்லை நிபந்தனைகளை மாற்றிப் போட்டுப் பார்த்துப் பழகியவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத்தான் பலருக்குத் தெரிவதில்லை.

எந்த வாசலில் நுழைவது

குவாண்ட் வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நான்கைந்து விதமான பிழைப்புகள் இருக்கின்றன. கணினியை வைத்து நொடிக்குள் வாங்கி விற்கும் டிரேடிங் நிறுவனங்கள் ஒரு வகை. கல்லூரி வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பார்கள். புரோகிராமிங் போட்டிகளில் முன்னால் நிற்பவர்கள், நிகழ்தகவுப் புதிர்களை மனக்கணக்காகப் போடுபவர்கள்தான் அவர்களுக்கு வேண்டும். சம்பளம் அதிகம், வேலை போவதும் சீக்கிரம். இருபத்திரண்டு வயதில் சி பிளஸ் பிளஸ் தண்ணீர் பட்ட பாடாக இருந்தால் தாராளமாக முயன்று பாருங்கள். முப்பதைத் தொட்டுவிட்டு, ஒரு வாகன உதிரிபாக ஆலையில் வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால் அந்த வாசலில் காத்துக் கிடக்காதீர்கள்.

வங்கிக்காக வாங்கி விற்கும் குழுவான டிரேடிங் மேசைக்கு நேரடியாக மாடல் எழுதிக் கொடுப்பது இன்னொரு வகை. இடங்கள் குறைவு. லண்டன், நியூயார்க் மேசைகளோடு சேர்ந்து மும்பையிலும் பெங்களூருவிலும் நடக்கிறது. முனைவர் பட்டமோ நிதிக் கணிதத்தில் முதுநிலையோ கேட்பார்கள். கடன் அபாயம் என்பது மூன்றாவது: கடன் வாங்கியவர் திருப்பித் தருவாரா என்பதைப் புள்ளியியல் கொண்டு கணிப்பது. சென்னையை விட்டு நகர முடியாதவர்கள் முதலில் இதைத் தேடிப் பார்க்கலாம். கடைசியாக நான் இருக்கும் இடம், மாடல் சரிபார்ப்பும் சந்தை அபாயமும் (விலைகள் மாறுவதால் வங்கி எவ்வளவு இழக்கக்கூடும் என்று அளப்பது).

என்னைக் கேட்பவர்களுக்கு நான் கடைசி வாசலைத்தான் காட்டுவேன். மாடலை எழுதியவரே அதற்குச் சான்றிதழும் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இன்று பெரிய வங்கிகளில் எழுதப்பட்ட விதி. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011இல் வெளியிட்ட எஸ்.ஆர். 11-7 என்ற வழிகாட்டுதல் இதை விரிவாகச் சொன்னது. அதனால் அமெரிக்காவில் தொழில் நடத்தும் பெரிய வங்கிகள் சரிபார்ப்புக்கென்றே தனி ஆட்களை வைத்துக்கொண்டன. அவர்களில் கணிசமானவர்கள் இந்திய அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆவணம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சுமார் இருபது பக்கம்தான். அதைப் படித்துவிட்டு நேர்முகத்துக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது அலுப்பான வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். 2012இல் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் ஒரு பிரிவு 620 கோடி டாலர் இழந்தது. அந்தப் பிரிவின் அபாயத்தை அளக்கப் புதிதாகக் கொண்டுவந்த மாடல், கையால் ஒட்டி ஒட்டி நிரப்பிய எக்செல் தாள்களில் ஓடிக்கொண்டிருந்தது. புதிய விகிதத்திலிருந்து பழைய விகிதத்தைக் கழித்து, இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில், கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். சராசரி என்பது கூட்டுத்தொகையில் பாதி. ஆகவே ஒவ்வொரு மாற்றமும் பாதியாகத் தெரிந்தது. அபாயமும் அந்த அளவுக்கு இளைத்துத் தெரிந்தது. 2013இல் வங்கியே வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இது இருக்கிறது. இழப்புக்கு இது மட்டும் காரணமில்லை. ஆனால் இதைப் பிடிக்க ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (சீரற்ற மாற்றங்களுக்கான நுண்கணிதம்) வேண்டாம். இரண்டாம் ஆண்டு ஆய்வகப் பதிவேட்டை ஒழுங்காக எழுதியவர் பிடித்துவிடுவார்.

உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பது

ஆப்ஷன் விலைக்கான பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு 1973இல் வந்தது. மாறிகளை மாற்றி எழுதினால் அது நாம் நான்காம் செமஸ்டரில் போட்ட அதே வெப்பச் சமன்பாடு. உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதை எந்தக் கணிதம் சொல்கிறதோ, அதே கணிதம்தான் விலை எவ்வளவு தூரம் பரவியிருக்கக்கூடும் என்பதையும் சொல்கிறது. இது தற்செயல் அல்ல. பாரிஸில் லூயி பஷெலியே என்பவர் 1900இலேயே பங்குச் சந்தை விலைகளைச் சீரற்ற நடையாக வைத்து ஆய்வேடு எழுதிவிட்டார். ஐன்ஸ்டைன் மகரந்தத் துகள் போன்றவற்றின் பிரௌனிய இயக்கத்தைப் பற்றி எழுதியது அதற்குப் பிறகு, 1905இல்.

பரவலின் அகலம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் வைத்துக்கொண்டு சந்தையில் என்ன செய்யலாம் என்று பாருங்கள். ஆண்டு ஏற்ற இறக்கம் (விலை மாற்றத்தின் திட்ட விலக்கம்) 12% என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு? ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. ஆக 12ஐ 16ஆல் வகுக்க, 0.75%. நிஃப்டி பங்குக் குறியீடு 25,000இல் இருந்தால் ஒரு நாளின் சாதாரண அசைவு 190 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. ஸ்டிரைக்கும் (ஒப்பந்தத்தில் குறித்த விலை) அதே 25,000ஆக உள்ள ஒரு மாத ஆப்ஷனின் விலை? பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைச் சுருக்கினால் 0.4 × 25,000 × 0.12 × பன்னிரண்டில் ஒன்றின் வர்க்கமூலம். ஏறத்தாழ 346 ரூபாய். டிரேடிங் மேசையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்களும் சொல்ல வேண்டும்.

இதுவரை எல்லா விண்ணப்பதாரர்களும் வந்துவிடுவார்கள். இதற்கு அடுத்த படிதான் ஆளைப் பிரிக்கிறது.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான நாள். நிஃப்டி ஒரே நாளில் 5.9% விழுந்தது. ஆண்டு ஏற்ற இறக்கத்தை 20% என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளின் அசைவு 1.26%தான் வரும். அப்படியானால் அன்று நடந்தது கிட்டத்தட்ட 4.7 சிக்மா, அதாவது அந்த அசைவைப்போல் 4.7 மடங்கு. இயல்நிலைப் பரவல் சொல்வதை நம்பினால் இப்படியொரு சரிவு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும். அதற்கு நான்கு ஆண்டு முன்புதான், 2020 மார்ச் 23 அன்று, ஒரே நாளில் 13% விழுந்திருந்தது. இதைக் கேட்டதும் "மாடல் தப்பு" என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர் பாதி மதிப்பெண் வாங்குகிறார். "2020 மார்ச்சில் ஏற்ற இறக்கமே ஏற்கெனவே மிக உயரத்தில் இருந்தது, ஆகவே அந்த 13%ஐ 20% அளவுகோலால் அளக்கக் கூடாது, தேர்தல் முடிவு நாளோ முன்கூட்டியே தெரிந்த தேதி, ஆண்டுச் சராசரியை அந்த ஒரு நாளுக்குப் பங்கிட்டதே சரியில்லை" என்று பேச ஆரம்பிக்கிறவருக்கு நாங்கள் காபி வரவழைப்போம்.

அதே 2020இல் ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃப்யூச்சர் (பின்னொரு மாதத்தில் கொடுத்து வாங்க இன்றே விலை பேசும் சந்தை ஒப்பந்தம்) மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை சுழிக்குக் கீழே போனால், விலையின் மடக்கையை எடுக்கிற சூத்திரம் என்ன ஆகும்? எண்ணெய் ஆப்ஷன்களுக்குச் சந்தை பயன்படுத்திய மாடல் அப்படிப்பட்டதுதான். சிகாகோவின் சி.எம்.இ. சந்தை அடுத்த ஓரிரு நாளில் பஷெலியேயின் 1900ஆம் ஆண்டு மாடலுக்கு மாறியது. அதில் விலை எதிர்மறையாகவும் போகலாம். ஒரு சூத்திரத்தைப் படித்ததும் "இது எந்த வீச்சுக்குள் செல்லும்?" என்று கேட்கிற பழக்கம் நமக்குப் பாடத்திட்டத்தோடு வந்தது. ரெனால்ட்ஸ் எண் பார்க்காமல் எந்தப் பொறியாளராவது குழாயில் அழுத்த இழப்பைக் கணக்கிடுவாரா?

கற்க வேண்டியது

பொறியாளர்கள் எல்லோரும் நேரே ஆப்ஷனுக்குப் பாய்வார்கள். பாயாதீர்கள். முதலில் கடன்பத்திரம். பத்தாண்டு அரசுப் பத்திரம், கூப்பன் (ஆண்டு வட்டி) 7%, விலை 100 ரூபாய். வட்டி விகிதம் 0.01% உயர்ந்தால் விலை எவ்வளவு குறையும்? ஏழு பைசா. நூறு கோடி ரூபாய்க்கு வைத்திருந்தால் ஏழு லட்சம். இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். டியூரேஷன் என்பது முதல் வகைக்கெழு, கான்வெக்சிட்டி என்பது இரண்டாவது வகைக்கெழு என்று தெரிந்துவிடும். பெயர்தான் புதிது. நாள் கணக்கிடும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்: நம் நாட்டு அரசுப் பத்திரத்துக்கு மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள், கருவூல உண்டியலுக்கு உண்மையான நாட்கள், ஆண்டு 365. அற்பமாகத் தெரியும். சரிபார்ப்பில் நாங்கள் பிடிக்கும் பிழைகளில் பாதி இந்த மாதிரி அற்பங்கள்தான்.

பிறகு ஃபார்வர்ட் (பின்னாளில் வாங்க இன்றே விலை பேசுவது), ஸ்வாப், புட்-கால் சமநிலை (வாங்கும் உரிமையான கால், விற்கும் உரிமையான புட் இரண்டின் விலைகளுக்கும் உள்ள உறவு), அதற்கப்புறம் ஆப்ஷன். பழைய பாடநூலை இரவல் வாங்கிப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லைபார் என்ற வட்டி விகிதத்தை அச்சாணியாக வைத்து அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருப்பார்கள். டாலர் லைபார் 2023 ஜூன் இறுதியோடு முடிந்துவிட்டது, இப்போது அந்த இடத்தில் சோஃபர் என்ற விகிதம். நேர்முகத்தில் லைபாரை நிகழ்காலத்தில் பேசினால் எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

கணிதத்தில் நிபந்தனை எதிர்பார்ப்பு, மார்ட்டிங்கேல், இட்டோ தேற்றம் ஆகியவை வேண்டும். இயற்பியல்காரர்களுக்கு இது சில மாத வேலை. எல்லோருக்கும் இடறுகிற இடம் புள்ளியியல். ஆய்வகத்தில் சோதனையைத் திரும்பச் செய்யலாம். சந்தையில் 2008 ஒருமுறைதான் வந்தது. நூறு உத்திகளைப் பழைய தரவில் ஓட்டிப் பார்த்தால், எதிலுமே சரக்கு இல்லாவிட்டாலும் 5% அளவில் ஏறத்தாழ ஐந்து நன்றாக இருப்பதுபோல் தெரியும். தொண்ணூற்றைந்தைக் குப்பையில் போட்டுவிட்டு அந்த ஐந்தை ரெஸ்யூமேயில் எழுதுகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

நிரலாக்கத்தில் பைத்தான் போதும், ஆனால் ஒழுங்காக. சி பிளஸ் பிளஸ் வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு. குவாண்ட்லிப் என்ற திறந்த மூல நூலகத்தைப் பிரித்து, ஒரே ஒரு ஆப்ஷனின் விலை எந்தெந்த வகுப்பு வழியாக வருகிறது என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள். தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்திருந்தால் முதல் மாதமே உங்களை எல்லோருக்கும் பிடித்துவிடும்.

ஒரே ஒரு வேலை, முடித்து எழுதியது

படிப்பு முடிந்தபின் செய்து பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கடன்பத்திரம், புட்-கால் சமநிலை வரை வந்ததுமே ஒரு சிறு ஆய்வைத் தொடங்குங்கள்.

எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூரல் நெட்வொர்க் வைத்துப் பங்கு விலையை முன்கணிப்பது. எங்களுக்கு வரும் ரெஸ்யூமேக்களில் மூன்றில் ஒன்றிலாவது இது இருக்கும். கூடவே ஒரு வரைபடம். நீலக்கோடு உண்மை விலை, சிவப்புக்கோடு கணிப்பு, இரண்டும் ஒட்டி உரசிக்கொண்டு போகும். திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்வேன். சிவப்புக்கோடு நீலத்தின் அதே வடிவம், ஒரு நாள் வலப்பக்கம் தள்ளியிருக்கும். அதாவது மாடல் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நாளைய விலை இன்றைய விலையே. "நேற்றைய விலையை அப்படியே போட்டால் பிழை எவ்வளவு வரும், ஒப்பிட்டீர்களா?" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும்.

இதைச் செய்யுங்கள். தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு நாளும் பவ்காபி என்ற கோப்பை இலவசமாக வெளியிடுகிறது. அன்று நடந்த ஒவ்வொரு ஒப்பந்தத்தின் விலையும் அதில் இருக்கும். நிஃப்டி ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை என்பதால் புட்-கால் சமநிலை நேரடியாகப் பொருந்தும். ஒரு மாத முடிவுத் தேதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டிரைக் விலைக்கும் கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்து, வட்டியைச் சரிசெய்து, ஸ்டிரைக்கோடு கூட்டுங்கள். 25,000 ஸ்டிரைக்கில் கால் 340, புட் 310 என்றால் கிடைப்பது ஏறத்தாழ 25,030. இது ஃபார்வர்ட் விலை. எல்லா ஸ்டிரைக்கிலும் இதே எண் வர வேண்டும். அது அதே மாத ஃப்யூச்சர் விலையோடும் பொருந்த வேண்டும்.

வரைந்து பாருங்கள். நடுவில் கோடு தட்டையாக இருக்கும். ஓரங்களுக்குப் போகப் போகத் தாறுமாறாகக் குதிக்கும். புதியவர் இதைப் பார்த்து "இலவசப் பணம்" என்று துள்ளுவார். ஓர ஸ்டிரைக்குகளில் வியாபாரமே சொற்பம். கோப்பில் இருக்கும் கால் விலை காலை பதினொரு மணிக்கு நடந்த கடைசி வியாபாரமாக இருக்கலாம். புட் விலை மாலை மூன்று மணியுடையதாக இருக்கலாம். இடையில் நிஃப்டி நூறு புள்ளி நகர்ந்திருக்கும். எத்தனை ஒப்பந்தங்கள் கைமாறின என்ற பத்தியை வைத்து வடிகட்டினால் குதியாட்டம் அடங்கும். மிச்சமிருக்கும் இடைவெளியிலிருந்து வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கட்டணங்களையும் வரியையும் கழியுங்கள். ஆப்ஷன் விற்பனை மீதான பங்குப் பரிவர்த்தனை வரி 2024 அக்டோபரில் பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலையில்) 0.0625%இலிருந்து 0.1%ஆக உயர்ந்தது, அதற்கு முன், பின் என்று இரண்டு காலத்தையும் தனித்தனியே பார்த்தால் ஆய்வுக்கு எடை கூடும். கடைசியில் இலவசப் பணம் எதுவும் மிஞ்சாது. மிஞ்சாது என்பதைப் படிப்படியாகக் காட்டியதுதான் உங்கள் சாதனை.

பங்குகளை வைத்து ஆய்வு செய்ய விரும்பினால் ஒரு பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துக்கொண்டு பத்தாண்டு பின்னால் போனால், வழியில் விழுந்தவர்கள் யாரும் உங்கள் தரவில் இருக்க மாட்டார்கள். யெஸ் பேங்க் 2020 மார்ச்சில்தான் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. அந்தந்தத் தேதியில் பட்டியலில் யார் இருந்தார்கள் என்று தேடி எடுக்க வேண்டும். போனஸ் பங்கு, பங்குப் பிரிப்பு நடந்த நாட்களில் பவ்காபி விலை பாதியாகக் குறைந்ததுபோல் தெரிவதையும் நீங்களே சரிசெய்ய வேண்டும்.

வெப்பம், பாய்மம் படித்தவர்களுக்கு இன்னொன்று உண்டு. திரவ இயக்கவியல் கணிப்பில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் சில காலம் முன்பு எங்களிடம் வந்தார். டிஜிட்டல் ஆப்ஷன் என்று ஒன்று: விலை ஸ்டிரைக்கைத் தாண்டினால் முழுத் தொகை, இல்லையேல் சுழி. அதன் விலையைக் கிராங்க்-நிக்கல்சன் என்ற எண்முறைக் கணிப்பில் போட்ட ஒரு வரைபடத்தை அவர் முன் வைத்தோம். ஸ்டிரைக்குக்குப் பக்கத்தில் காமா (ஆப்ஷன் விலையின் இரண்டாவது வகைக்கெழு) வளைவு சிறுசிறு பற்களாக ஆடிக்கொண்டிருந்தது. நிதி படித்தவர்கள் அதைப் பார்த்துச் சந்தைக் காரணம் தேடுவார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது சந்தை இல்லை, உங்கள் கணிப்பு முறை. தொடக்க நிபந்தனையில் வெட்டு இருக்கிறது. இந்த முறை நிலையானதுதான், ஆனால் உயர் அதிர்வெண்ணைத் தணிக்காது. முதல் இரண்டு மூன்று காலப் படிகளை முழு இம்ப்ளிசிட் முறையில் போடுங்கள், அடங்கிவிடும்" என்றார். சூடான தட்டைக் குளிர்ந்த தட்டோடு சேர்த்து வைத்த கணக்கில் இதே பற்களைப் பார்த்திருக்கிறாராம். ஆப்ஷனைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. எடுத்துக்கொண்டோம்.

எந்த ஆய்வானாலும் ஆறேழு பக்கத்தில் எழுதி முடியுங்கள். எதற்காகச் செய்தேன், தரவு எங்கிருந்து, என்னென்ன அனுமானங்கள், என்ன சோதனை, எங்கே உடைந்தது. கடைசிப் பகுதிதான் நீளமாக இருக்க வேண்டும். நிரலையும் சேர்த்து வையுங்கள், வேறொருவர் தன் கணினியில் ஓட்டினால் அதே எண்கள் வரும்படியாக.

பட்டம், சான்றிதழ்

இதில் நேரம் செலவழிக்க மாட்டேன். எஃப்.ஆர்.எம். என்பது நிதி அபாய மேலாண்மைக்கான சான்றிதழ், இரண்டு பகுதித் தேர்வு. அபாயத் துறையில் ரெஸ்யூமேயை முதல் வடிகட்டலில் தப்பிக்க வைக்கும், நிதிச் சொற்களும் பழகும். முதல் பகுதியை எழுதிவிட்டு விண்ணப்பிக்க ஆரம்பிக்கலாம். முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சி.எஃப்.ஏ. நல்ல படிப்பு, ஆனால் இந்த வேலைக்கானது அல்ல. முதுநிலை படிக்க வயதும் வசதியும் இருந்தால் இந்தியப் புள்ளியியல் கழகம், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்களின் அடித்தளம் உறுதியாக இருக்கிறது. வீட்டை அடகு வைத்து அமெரிக்காவில் நிதிப் பொறியியல் படிப்பதாக இருந்தால், அந்தக் கல்லூரி வெளியிடும் வேலைவாய்ப்பு விவரத்தையும் விசா நிலவரத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "ஆறு வாரத்தில் அல்கோ டிரேடிங்" விளம்பரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ரெஸ்யூமேயும் நேர்முகமும்

ஒரு பக்கம். "மெஷிங் மென்பொருளில் தேர்ச்சி" என்று எழுதினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. "கணிப்புக்கும் சோதனைக்கும் இருந்த வித்தியாசத்தை ஆராய்ந்து, சுவரருகே வலைப்பின்னல் போதாததே காரணம் என்று நிறுவினேன்" என்று எழுதினால் நிதி படித்தவருக்கும் புரியும். சொந்தமாக ஆப்ஷன் வியாபாரம் செய்வதைத் தகுதியாக எழுதாதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரை ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நட்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. எங்களில் பலர் சொந்தக் கணக்கில் ஒரு பங்கு வாங்கவே நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

கேள்விகள் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு சொல்கிறேன். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள்; அடுத்தடுத்து தலை, தலை விழச் சராசரியாக எத்தனை முறை ஆகும்? ஆறு. தலை, பூ என்று விழ? நான்கு. விடையைவிட, ஏன் வேறுபடுகிறது என்பதுதான் கேள்வி. தலை-பூவுக்குக் காத்திருக்கும்போது தலைக்குப் பின் மறுபடி தலையே விழுந்தாலும் கையில் ஒரு தலை மிஞ்சுகிறது; தலை-தலைக்குக் காத்திருக்கையில் பூ விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சமன்பாடு இல்லாமல் வாய்மொழியாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டாவது: ஈவுத்தொகை இல்லாத ஒரு பங்கின் ஏற்ற இறக்கம் முடிவிலியை நோக்கிப் போனால் அதன் கால் ஆப்ஷன் விலை எங்கே போகும்? அவசரக்காரர்கள் முடிவிலி என்பார்கள். ஒரு பங்கை வாங்கும் உரிமைக்கு அந்தப் பங்கைவிட அதிகமாக யார் கொடுப்பார்கள்? பங்கின் விலையில் போய் முட்டி நிற்கும். சூத்திரத்தில் போட்டு வருவதற்கு முன் வரம்பை யோசிக்கிறீர்களா என்று பார்க்கிறோம்.

"ஏன் துறை மாறுகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்போம். சம்பளம் என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், உங்கள் ஆய்வில் நீங்கள் மாட்டிக்கொண்டு முழித்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். மீதி நேரம் அதைப் பற்றியே பேச்சு ஓடும். உங்களுக்குத் தெரிந்த களத்தில் ஓடும்.

வேலை கிடைத்தபின், ஒப்புக்கொள்ளும் முன்

"மாடல் சரிபார்ப்பு" என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்றில் மாடலை நீங்களே வேறு விதமாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். இன்னொன்றில் மற்றவர்கள் செய்ததை வேர்டு கோப்பில் வார்ப்புருவுக்கு ஏற்ப அடுக்கி, தேதியை மாற்றி அனுப்புவீர்கள். கடைசிச் சுற்றில் நீங்களும் கேள்வி கேளுங்கள்: மாடலின் நிரலை நான் பார்க்க முடியுமா? சென்ற ஆண்டு இந்தக் குழு எந்த மாடலையாவது நிராகரித்திருக்கிறதா? அறிக்கையில் கையெழுத்துப் போடுவது இங்கே இருப்பவரா, லண்டனில் இருப்பவரா? நியூயார்க் மேசையோடு வேலை என்றால் இரவு எத்தனை மணிவரை தொலைபேசியில் இருக்க வேண்டும்? மழுப்பலான பதில் வந்தால் வேலையும் மழுப்பலாகத்தான் இருக்கும்.

இப்போதைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால் அதை மனிதவளத் துறையின் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லி, சீக்கிரம் சேரக்கூடியவருக்கு இடம் போனதைப் பார்த்திருக்கிறேன். பின்னணிச் சரிபார்ப்புக்குக் கல்லூரியின் பட்டச் சான்றிதழ், ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பழைய நிறுவனங்களின் விடுவிப்புக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வாங்கப் பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் ஆகலாம். ஆய்வைத் தொடங்கும் வாரத்திலேயே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.